சிலிம் ரிவரில் ஓபோ சொல்லிக்கொடுத்துப் பிழைப்பது

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்னைப் 'பீப்பீ டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். முன்பெல்லாம் கொஞ்சம் கோபம் வரும். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால்தான் பசாரில் என் வீட்டுக்கு வழி காட்டுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன். ஓபோ என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. பார்க்கக் கிளாரினெட் போலக் கறுப்பாக இருக்கும். வாயில் வைக்கும் இடத்தில் மட்டும் நாகஸ்வரம் போல இரட்டை நாக்கு. இவ்வளவு சொன்னால் நம் ஆட்களுக்குப் புரிந்துவிடும்.

"பிள்ளை ஆசைப்படுது டீச்சர், இதை வெச்சுப் பொழைக்க முடியுமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். முடியும். ஆனால் வாசிக்க மட்டும் தெரிந்தால் முடியாது. ரீட், அதாவது அந்த இரட்டை நாக்கு, செய்யத் தெரிய வேண்டும். இந்த வாத்தியத்தில் என் பிழைப்பு முழுக்க அந்த மூங்கில் போன்ற ஒரு துண்டு நாணலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

தெரியாதவர்களுக்கு: சிலிம் ரிவர், மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தாப்பாவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் நடுவில் பழைய கூட்டரசுச் சாலையில் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் பலவும் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு வந்துவிட்டன. என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், வெயில் ஏறுவதற்குள் தன் நிரை மரங்களை முடித்துவிடுவார்.

இடைநிலைப்பள்ளி பேண்டில்தான் நான் ஓபோவை முதலில் பார்த்தேன். ஸ்டோர் அலமாரியில் பெட்டியோடு கிடந்தது. நடந்துகொண்டே வாசிக்க அது தோதுப்படாது; ஒவ்வோர் அடிக்கும் ரீட் உதட்டில் இடிக்கும், அதனால் யாரும் தொடவில்லை. போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நான் ரிக்கார்டரை (பள்ளியில் ஊதும் சின்னக் குழல்) சுருதி பிசகாமல் வாசிப்பதைப் பார்த்து என் கையில் கொடுத்தார். அப்புறம் ஷா ஆலாமில் இசைப் படிப்பு, கோலாலம்பூரில் ஒரு வெளிநாட்டு வாத்தியக்காரரிடம் தனி வகுப்பு, சில வருடம் அங்கேயே கிடைத்த இடத்தில் வாசிப்பு. அந்தக் கதையை விரிக்கப் போவதில்லை. எல்லா வாத்தியக்காரர்களின் கதையும் அதுதான்.

வேலை நிலவரத்தை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் முழுநேர ஆர்கெஸ்ட்ரா என்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உண்டு. தேசிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1993இல் தொடங்கியது. மலேசிய ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா 1998இல் இரட்டைக் கோபுர மண்டபத்தில் மேடையேறியது; தொடக்கத்தில் அதில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் இருபது முப்பது பேர் உட்காரலாம். ஓபோவுக்கு இரண்டு நாற்காலி, மிஞ்சிப்போனால் மூன்று நான்கு. அதில் ஒருவர் ஓய்வு பெற்றால்தான் அடுத்தவருக்கு இடம். இதைத் தெரிந்துகொண்டு வருகிற பிள்ளைகளுக்கு மனம் உடைவதில்லை. ஃபில்ஹார்மோனிக்குக்கு இளையோர் ஆர்கெஸ்ட்ரா ஒன்று இருக்கிறது, 2007இல் இருந்து மேடையேறுகிறது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது அந்த வாசலைத்தான்.

ஆடிஷன் என்றால் உலகம் முழுக்க மோட்சார்ட்டின் சி மேஜர் ஓபோ கன்செர்ட்டோவைக் கேட்பார்கள். 1777இல் எழுதியது. ஓபோ உள்ளே நுழையும்போதே ஸ்கேலில் விறுவிறுவென்று ஏறி, மேல் சி ஸ்வரத்தில் போய் நான்கு பார் (தாளக் கட்டு) அப்படியே நிற்க வேண்டும். கீழே வயலின்கள் ராகத்தை வாசித்துக்கொண்டிருக்கும், நமக்கு ஒரே ஸ்வரம். புதிதாகக் கேட்பவர்கள் 'இது என்ன பெரிய வித்தை' என்பார்கள். அந்த ஒரு சி நடுங்காமல், சுருதி இறங்காமல், தொண்டை இறுகாமல் நின்றால் நடுவர்களுக்கு உங்கள் ரீட் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். மீதி நிமிடங்களை அவர்கள் மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

கச்சேரி தொடங்கும் முன் எல்லோரும் ஓபோவிடம் ஏ ஸ்வரத்தை வாங்கிச் சுருதி சேர்ப்பார்கள், நொடிக்கு 440 அல்லது 442 அதிர்வில். அதை எங்களுக்குக் கொடுக்கும் பெருமை என்று நினைக்கிறவர்கள் உண்டு. காரணம் அதுவல்ல: ஓபோவின் ஒலி கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு போகும், ஆடாமல் நிற்கும். அதோடு, எங்களால் மற்றவர்கள் போலச் சட்டென்று ஏற்றி இறக்கவும் முடியாது. ரீட்டைச் செய்த அன்றே சுருதி ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

கோலாலம்பூரில் வாடகை கொடுத்துக்கொண்டு மாதம் சில கச்சேரியை நம்பி இருப்பது கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தேன். இங்கிருந்து ரயிலேறினால் தலைநகரத்துக்கு ஒத்திகைக்குப் போய்விட்டு அன்றே திரும்பலாம். வாரநாளில் வகுப்பு, வார இறுதியில் கூப்பிட்டால் வாசிப்பு, இரண்டுக்கும் நடுவில் ரீட். அப்படித்தான் ஓடுகிறது.

கடையில் ரீட் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். கையால் செய்த நல்ல ரீட் ஒன்று ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடும். விடாமல் வாசிக்கிற பிள்ளைக்கு அது இரண்டு மூன்று வாரம் தாங்கினால் அதிகம். அதற்குள் நுனி பிளந்துவிடலாம், பள்ளிப் பையில் நசுங்கிவிடலாம். வெளிநாட்டில் குளிர் ஊரில் செய்த ரீட் நம் ஊர் ஈரத்தில் ஊதிப்போய் வேறு குணம் காட்டும். பிள்ளை தனக்கு வாசிக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஓபோவை விட்டுவிட்டுப் போன பிள்ளைகளில் பலர் வாத்தியத்தால் போகவில்லை, கெட்டியான ரீட்டால் உதடு வலித்துப் போனவர்கள்.

சரி, செய்வது எப்படி? நாணலின் பெயர் அருண்டோ டோனாக்ஸ். நல்லது தெற்கு பிரான்சில் வார் வட்டாரத்தில் விளைகிறது. பத்து, பத்தரை மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, உள்பக்கத்தை நடுவில் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் வரும்வரை குடைந்து எடுப்பார்கள். குடையும் எந்திரம் நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. நான் குடைந்து வடிவம் வெட்டிய துண்டுகளாகவே தருவிக்கிறேன். மாணவர்களுக்கும் அதையே சொல்கிறேன். அதை ஊறவைத்து, நடுவில் மடித்து, தக்கை சுற்றிய 47 மில்லிமீட்டர் நீள உலோகக் குழாயின் மேல் வைத்து நைலான் நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும். நூல் குழாயின் விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டு நாக்கும் அதிராது. எவ்வளவு சீவினாலும் அந்த ரீட் ஊமைதான். இரண்டு பக்கமும் மூடிக்கொள்கிறதா, காற்று கசிகிறதா என்று, மடிப்பைத் திறந்த பிறகு குழாயின் அடியை விரலால் அடைத்துக்கொண்டு ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். நூலின் மேல் நகப்பூச்சைத் தடவினால் அவிழாது. என் மேசையில் இருக்கிற சிவப்பு நகப்பூச்சு அதற்குத்தான்.

அதற்குப் பிறகு மடிப்பை வெட்டித் திறந்து, நாக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகட்டைச் செருகிச் சீவத் தொடங்கணும். இந்தச் சீவலை எனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் என் அப்பா என்றுதான் சொல்வேன். அவர் ஓபோவைத் தொட்டதுகூட இல்லை.

பால்மரத்தில் அன்றாடம் எடுக்கிற பட்டை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர்தான். கத்தி கொஞ்சம் ஆழமாய்ப் போய் உள்ளிருக்கும் மரத்தைத் தொட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காகத் திரும்ப வளராது, முண்டு முண்டாகிவிடும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. நான் விடுமுறையில் வீட்டுக்கு வந்து ரீட்டைப் போட்டுக் கொலை செய்துகொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கத்தியை வாங்கி, கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்தார். வழுக்கியது. "கத்தி மொக்கை" என்றார். தன் சாணைக்கல்லை எடுத்துவந்து, தண்ணீர் விட்டு, கோணம் மாறாமல் தேய்த்தார். மறுபடி நகத்தில் வைத்தார், இப்போது நின்றது. "கத்தி கூர் இல்லேன்னாதான் கை அழுத்தும்மா. கை அழுத்துச்சுன்னா மரம் கெட்டுச்சு."

இதைவிடச் சுருக்கமாக எந்த ஆசிரியரும் எனக்கு ரீட் பாடம் நடத்தவில்லை. இன்றும் என் மாணவர்களுக்கு முதல் மாதம் சீவுவது கிடையாது, சாணை பிடிப்பதுதான். கல்லை அவரவர் ஊர் இரும்புக்கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். கத்தியின் எடையே சீவ வேண்டும். நாக்கின் நடுவில் இருந்து நுனியை நோக்கி, மூலையை நோக்கிச் சற்றே சாய்வாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் எடுக்கணும். நாலு சீவல், ஒரு முறை ஊதல். மறுபடி நாலு சீவல். முடிந்தது போலத் தோன்றும்போது விளக்கின் முன்னே பிடித்துப் பார்க்க வேண்டும். நுனி வெளிறி ஒளி புகணும், நடு நெஞ்சு கொஞ்சம் இருட்டாக இருக்கணும், இடது வலது ஒன்று போலத் தெரியணும். ஓரம் இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம்தான் அடுத்த சீவல். நுனி பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும்; அந்த இடத்தில் கண்ணைவிட விரல்தான் நம்பகம்.

முக்கியமானது, ஒரே நாளில் முடிக்காதீர்கள். கட்டி வைத்து, மறுநாள் கொஞ்சம் சீவி, அதற்கடுத்த நாள் கொஞ்சம். நாணல் ஈரத்துக்குப் பழகப் பழகத் திரிந்துகொண்டே வரும். மத்தியானம் மழைக்கு முன்பு நன்றாக இருந்த ரீட் மழைக்குப் பிறகு கனத்துக்கிடக்கும். அதே ரீட்டைக் கோலாலம்பூரில் ஏர்கான் மண்டபத்துக்குக் கொண்டுபோனால் காய்ந்து, வாய் மூடிக்கொள்ளும். அதனால் பெட்டியில் எப்போதும் வெவ்வேறு குணத்தில் சில ரீட் வைத்திருப்பேன். இன்னொன்று, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைப்பது இங்கே ஆகாது, பூஞ்சை பிடித்துவிடும். ஓட்டை போட்ட பெட்டிதான் சரி.

பக்கத்துத் தோட்டக் கோயிலுக்குத் தமிழ்நாட்டில் இருந்து ஒப்பந்தத்தில் நாகஸ்வர வித்வான் ஒருவர் வந்திருந்தார், தஞ்சாவூர்ப் பக்கம். அவர் வாத்தியம் நரசிங்கம்பேட்டையில் செய்தது, சீவாளி (நாகஸ்வரத்தின் நாக்கு) திருவாவடுதுறைச் சரக்கு. ஒரு நூலில் சீவாளியும், அதைச் சரிசெய்யும் குச்சியும் கொத்தாகத் தொங்கும். என் ரீட்டை வாங்கிக் கண் அருகே வைத்துப் பார்த்தவர், "என்னம்மா இது, கொசு மூக்கு மாதிரி இருக்கு" என்று சிரித்தார். நான் கத்தியால் செய்வதில் பாதியை அவர் எச்சில் ஈரத்தோடு விரலால் அமுக்கி அமுக்கியே செய்துவிடுகிறார். அவரிடம் எடுத்துக்கொண்டது ஒன்று: திருவிழாவில் மணிக்கணக்காக வாசிக்கிறவர், ஒவ்வொரு சங்கதி முடிந்ததும் உதட்டை முழுசாகத் தளர்த்திவிடுவார், அரை நொடிதான். நாங்கள் சங்கதிக்குச் சங்கதி கவ்வியபடியே இருப்போம். அதைப் பார்த்த பிறகு மாணவர்களின் நோட்டில் (வாசிக்கும் இசைத்தாளில்) 'விடு' என்று பென்சிலால் எழுதத் தொடங்கினேன்.

மூச்சு விஷயம் இதோடு சேர்ந்தது. ஓபோ வாசிக்க நிறைய மூச்சு வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரீட்டின் வாய் அவ்வளவு சிறியது, காற்று உள்ளே போகவே போகாது. நெஞ்சுக்குள் பழைய காற்று தேங்கிவிடும். முகம் சிவந்து, பிள்ளை மூச்சு முட்டி இன்னும் இழுக்கப் பார்க்கும். படிவம் ஒன்றில் (இடைநிலைப்பள்ளி முதல் வருடம்) படிக்கிற ஒரு பையன் அப்படித் திணறி, "காத்து பத்தல டீச்சர்" என்றான். வாத்தியத்தைக் கீழே வைத்து, இருக்கிற காற்றை எல்லாம் வெளியே ஊதச் சொன்னேன். ஊதினான், ஊதினான், ஊதிக்கொண்டே இருந்தான். அவனுக்கே ஆச்சரியம். முதலில் வெளியே, அப்புறம் உள்ளே. நோட்டில் எந்த இடத்தில் வெளியேற்றுவது, எந்த இடத்தில் இழுப்பது என்று தனித்தனியாகக் குறித்துவிடுவேன்.

எந்த வயதில் தொடங்கலாம்? முன்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் ஊன்றிய பிறகு, பத்து பதினொன்றில். உதட்டைப் பல்லின் மேல் மடித்து வைக்க வேண்டியிருக்கிறது. அதுவரை ரிக்கார்டர் போதும். நம் ஆரம்பப் பள்ளிகளில் ரிக்கார்டர் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதில் விரல் பழகிய பிள்ளைக்கு ஓபோவில் பாதித் தூரம் தாண்டியாயிற்று. தொடக்கத்தில் ஒரே மூச்சாகப் பத்து நிமிடத்துக்கு மேல் வாசிக்க விடமாட்டேன். வாத்தியத்தின் எடை அரைக் கிலோவுக்கு மேல், முழுக்க வலது கட்டைவிரலில் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்துப் பட்டை கட்டாயம்.

வாத்தியம் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இரண்டு மூன்று விஷயம் பாருங்கள். இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு வருவதை வாங்காதீர்கள். சாவிகள் (துளைகளை மூடித் திறக்கும் உலோக நெம்புகள்) வளையும், பழுது பார்ப்பவர் தொட மறுப்பார். இடது கைக்கு ஒரு எஃப் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஓபோவில் தொடக்கப் பாட்டு எல்லாம் வரும், நடுக்கட்டத்துக்கு வந்ததும் பிள்ளை மாட்டிக்கொள்ளும். கருங்காலி போன்ற கறுப்பு மரம் ஒலிக்கு அழகுதான். ஆனால் வெளியே வேக்காடு, வண்டிக்குள் ஏர்கான், மண்டபத்தில் குளிர் என்று மாறி மாறிப் போனால் மேல்துண்டு வெடிக்கும். மாணவருக்கு ரெசின் (கெட்டியான பிளாஸ்டிக்) போதும், நான் கூச்சப்படாமல் சொல்வேன்.

பராமரிப்புக்குப் பெரிய சாமான் தேவையில்லை. துடைக்கிற பட்டுத்துணியை இழுக்கும் முன் முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்துண்டு நுனியில் ஊசிக்குழல் போலக் குறுகும். அங்கே துணி சிக்கினால் பழுதுகாரர்தான். ஆக்டேவ் ஓட்டையில் (மேல் ஸ்தாயிக்குத் திறக்கும் சிறு துளை) தண்ணீர் நின்று 'பொளபொள' என்றால் சுருட்டுகிற சிகரெட் தாளைச் சாவியின் அடியிலுள்ள மெத்தையின் கீழே வைத்து ஒற்றி எடுக்கலாம். அந்தத் தாளுக்காக மளிகைக் கடைக்குப் போகும்போதெல்லாம் கடைக்கார ஆச்சி என்னை ஒரு மாதிரி பார்ப்பார். விளக்கம் சொல்லிப் பார்த்தேன், நம்பியதாகத் தெரியவில்லை. ரீட்டின் ஓரம் லேசாகக் கசிந்தால் குழாய் வேலைக்காரர் சுற்றுகிற வெள்ளை டேப் ஒரு சுற்று.

இனி பணம். ஓபோ மாணவர்களை மட்டும் நம்பினால் இந்த ஊரில் அடுப்பு எரியாது. ரிக்கார்டர், கிளாரினெட், இசைக் கோட்பாடு, தேவாலயப் பாடகர் குழு, பள்ளி பேண்ட் எல்லாம் சேர்ந்தால்தான் மாதம் ஓடும். வாசிப்பதைவிட ரீட் விற்பது நிதானமான வருமானம். தஞ்சோங் மாலிமில் இருந்து ஈப்போ வரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தபாலில் அனுப்புகிறேன். மாணவர்களிடம் வகுப்புக் கட்டணத்தில் ரீட்டைச் சேர்க்க மாட்டேன், தனிக் கணக்கு. சேர்த்துவிட்டால் பிள்ளை ரீட்டைப் பத்திரமாக வைக்காது.

ஒரு பள்ளி பேண்டுக்குப் பயிற்சி கொடுத்த பணம் வருடம் திரும்பிய பிறகும் வரவில்லை. கேட்டால் இன்றைக்கு கிளார்க் இல்லை, நாளைக்கு ரசீது சரியில்லை. அதில் இருந்து எங்கே போனாலும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்: எத்தனை ஒத்திகை, போக்குவரத்து யார் பொறுப்பு, ரத்தானால் எவ்வளவு, பாதி முன்பணம். நம்மவர்கள் முகத்துக்காக விட்டுக்கொடுத்துவிடுவோம். கல்யாண வீட்டாரிடம்கூட எழுதி வாங்குங்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு இரண்டு குறிப்பு. ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசைத் தேர்வு வாரியம்) தேர்வில் ஆறாம் கிரேடுக்குப் போவதற்கு முன் ஐந்தாம் கிரேடு கோட்பாடு, அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் தேர்வு, தேறியிருக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஒரு வருடம் நின்றுவிடுகிற குடும்பங்கள் உண்டு. நாலாம் கிரேடிலேயே கோட்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். 2020இல் இருந்து நான்கு பாடல்களைத் தொடர்ச்சியாக வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் தேர்வும் இருக்கிறது. எங்கள் மாதிரி ஊருக்கு அது வரம். நாங்கள் தேவாலய மண்டபத்தில் பதிவு செய்கிறோம். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும், மத்தியானமானால் ஜிங்க் கூரையில் மழை விழுந்து ஒன்றும் கேட்காது. மின்விசிறியை நிறுத்துங்கள், தாளும் பறக்காது, சத்தமும் விழாது. வியர்க்கும், பரவாயில்லை.

முதல் வகுப்புக்கு வருகிறவர்கள் ஓபோ வாங்கிவிட்டு வர வேண்டாம். ரிக்கார்டரோடு வாருங்கள். என்னிடம் பழைய ரெசின் ஓபோ ஒன்று இருக்கிறது, சில மாதம் அதில் வாசித்துப் பார்க்கட்டும். பிள்ளைக்கு ரீட் சீவுகிற பொறுமை வருகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். வந்தால் கோலாலம்பூர்க் கடைக்கு நானும் கூட வருகிறேன், ரயில் டிக்கெட் மட்டும் நீங்கள் எடுத்தால் போதும்.